மைக்கை அவர் பக்கம் திருப்பினேன்

மார்ச் 4

கம்ப்யூட்டரை ஹாலுக்கு மாற்றியாயிற்று. என் அறையில் இணையம் நொண்டுகிறது. நேரலை போனால் படம் உறைந்து, என் வாய் பாதியில் திறந்தபடி நிற்கிறது. டிவிக்குப் பின்னாலிருக்கும் ரௌட்டரிலிருந்து கேபிளை இழுத்து, அண்ணன் காலில் தட்டாமலிருக்கச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டினேன். வெப்கேம் திரைக்கு மேலே. மைக் வலப்பக்கம். விளையாட்டுக்கான ஸ்டியரிங்கை மேஜை விளிம்பில் வைத்துத் திருகும்போது, அண்ணன் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

அண்ணி மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டார்: "நீ விளையாடறத ஊர்ல இருக்கிறவங்க உட்கார்ந்து பாப்பாங்களா? வேலை வெட்டி இல்லையா அவங்களுக்கு?"

"வேலை இருக்கிறவங்களும் பாக்கறாங்க அண்ணி."

"என்னவோ போ. அவருக்கு மாத்திரை மறந்துடாதே."

முப்பத்துமூன்று வயது. வாடிக்கையாளர் சேவையில் நாள் முழுக்கப் போனில் பேசிக்கொண்டிருந்தவன். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணி கூப்பிட்டார், வந்தேன். பேசுவதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு? அதனால்தான் இந்த யோசனை — பஸ் ஓட்டும் விளையாட்டு, கூடவே பேச்சு. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது "ஆன்லைன்ல ஒரு வேலை" என்றேன்.

மார்ச் 6

முதல் நேரலை. முதல் அரைமணி நேரம் மைக் அணைந்திருந்தது தெரியாமல் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பழைய ஆபீஸ் நண்பன். ஒன்று என் போன். மூன்றாமவர் யாரென்று தெரியவில்லை, அவரும் போய்விட்டார்.

பதிவைக் கேட்டேன். என் குரலா இது? சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி.

மார்ச் 11

இன்று ஒன்று நடந்தது.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் குழறிப்போனது. மனதில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. தண்ணீர் கேட்க "சாவி" என்பார். அண்ணி தண்ணீர் கொடுப்பார். பேச்சுப் பயிற்சி தர வாரம் ஒருமுறை வரும் ஒரு அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: "எடுத்ததுக்கெல்லாம் திருத்தாதீங்க. பேசறதையே விட்டுடுவாரு." எங்கள் வீட்டில் யாரும் திருத்துவதில்லை.

நான் சிக்னலை நெருங்கும்போது அவர் பின்னாலிருந்து கத்தினார்: "கதவு! கதவு! டேய், கதவு!" இடது காலால் தரையை அழுத்தி மிதித்தார். பிரேக்கைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன புரியும்? 'கதவைத் திறங்கப்பா, யாரோ மாட்டிக்கிட்டாங்க' என்று ஒருவன் எழுதினான். சிரிப்பு முகங்கள் கொட்டின. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

நான் சிரிப்பதைப் பார்த்து அண்ணனும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல்.

மார்ச் 12

மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மின்விசிறிச் சத்தம் விழக்கூடாது என்பதற்காக — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 17

அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'கதவு அண்ணன்.' நேரலை தொடங்கியதும் முதல் கேள்வியே 'கதவு அண்ணன் எங்கே?' அந்த ஒரு துண்டை யாரோ வெட்டித் தனியாகப் போட, அது எங்கெங்கோ சுற்றுகிறது. பார்க்கிறவர்கள் இப்போது நூற்றுக்கணக்கில்.

அண்ணன் முன்னைவிட அதிகம் பேசுகிறார் என்று பயிற்சி அம்மா சந்தோஷப்பட்டார். "வீட்ல என்ன செய்யறீங்க?" என்று கேட்டார். "கூட உட்கார்ந்து கேம் பாப்பார்" என்றேன். பொய்யில்லையே. அவருக்கு நல்லதுதானே நடக்கிறது? பிறகு ஏன் மீதியைச் சொல்லவில்லை?

இன்று வேண்டுமென்றே பிரேக் போடாமல் போனேன். அவர் கத்தட்டும் என்று. பாதசாரிகள் கடக்கும் இடம் அது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார், நெற்றியில் வியர்வை. அவருக்கு அது விளையாட்டில்லை. இத்தனை வருஷ வேலையில் ஒரு ஆளை உரசியதில்லை அவர். நான் அந்தப் பதற்றத்தைக் கறந்துகொண்டிருக்கிறேன்.

எழுதும்போது தெரிகிறது. ஓட்டும்போது தெரிவதில்லை.

மார்ச் 20

முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெப்கேமைக் கொஞ்சம் திருப்பினேன். அவர் தோளும், மடியில் கிடக்கும் வலது கையும், பாதி முகமும் விழுந்தன. கேமராவின் சின்ன விளக்கைக் காட்டி, "இது... இது பால்?" என்று கேட்டார்.

"சும்மா லைட்டுண்ணா."

நம்பினார். நான் சொன்னால் நம்புவார்.

மார்ச் 23

அண்ணி வீட்டிலிருக்கும் நாட்களில் நேரலை போடுவதில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா உனக்கு?

மார்ச் 26

அண்ணி சீக்கிரம் வந்துவிட்டார். மணியடிக்காமல் தன் சாவியால் திறந்து உள்ளே வந்தார். நல்லவேளை, நேரலை முடிந்திருந்தது. நல்லவேளையாவது!

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

"கடையில கூட வேலை செய்யற பொண்ணு ஒரு வீடியோ காட்டினா. 'அக்கா, இதப் பாருங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது'ன்னா. படம் தெளிவா இல்ல. பஸ்ஸு போகுது, பின்னாடி யாரோ கதவு கதவுன்னு கத்தறாங்க." தோள்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நானும் சிரிச்சேன்டா."

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்புறம்தான் குரல் தெரிஞ்சது. என் புருஷன் குரல் எனக்கே ரெண்டாவது தடவை கேட்டப்பதான் தெரிஞ்சது. அந்தப் பொண்ணு இன்னும் சிரிச்சிட்டிருக்கா. 'இது எங்க வீட்டுக்காரர்'னு சொல்ல எனக்கு வாய் வரல. வெட்கமா இருந்துச்சு. அவரைச் சொல்லிக்க வெட்கப்பட்டேன் — அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திட்டே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணி, எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"எடு. ஆனா அவர்கிட்ட நீயே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

மார்ச் 27

சொல்லவில்லை. என் பக்கத்திலிருந்த எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். மற்றவர்கள் வெட்டிப் போட்டவை அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி எழுதினால், 'ஐயோ, கதவு அண்ணனோட தம்பி!' என்று பதில் வருகிறது.

மார்ச் 28

இன்றும் இல்லை. கோழை.

மார்ச் 29

சொன்னேன். சொன்னேன் என்பதைவிடக் காட்டினேன். வாயால் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"அண்ணா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். பாத்துட்டு என்னை அடிங்க."

யாரோ வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை ஓடவிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். திரையில் தன்னைப் பார்த்ததும் முதலில் அவர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், அட நான்தானா என்பதுபோல. அப்புறம் அந்தக் குரல் வந்தது. "கதவு! கதவு!"

அவர் நிமிர்ந்தார். மறுபடி போடு என்று விரலால் காட்டினார். போட்டேன். மறுபடி. போட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது இடது காலைத் தரையில் மெதுவாக அழுத்தி, "கதவு?" என்று என்னைக் கேட்டார். கேள்வியாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அதுவரை தெரியாது. தான் பிரேக் என்று சொல்வதாகவே நினைத்திருக்கிறார். ஒரு வருஷமாக எல்லாச் சொல்லையும் அப்படித்தான்! நாங்கள் யாரும் திருத்தவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டோம். சரியாகப் பேசுகிறோம் என்ற நினைப்பில் மனுஷன் நிம்மதியாக இருந்திருக்கிறார். தன் பேச்சு எப்படி ஆகிவிட்டது என்று முதல்முதலாக என்னிடமிருந்து — இதிலிருந்து — ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

வாசிப்பதும் அவருக்கு இப்போது சிரமம்தான். ஆனால் ஓரத்தில் ஓடிய சிரிப்பு முகங்களைப் புரிந்துகொள்ள எழுத்து தெரிய வேண்டியதில்லை. தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். போனை மேஜைமேல் பத்திரமாக வைத்தார். எறிந்திருக்கலாம். சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டார்.

அடிக்கவில்லை.

ஏப்ரல் 2

பேசுவதே இல்லை. ஒரு சொல்கூட. தாகமெடுத்தால் தானே எழுந்து சமையலறைக்குப் போகிறார். நான் டம்ளரை நீட்டினால் பார்க்காததுபோலக் கடந்துவிடுகிறார்.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "என்கிட்டயும் இல்ல. கையைத்தான் காட்டறாரு. ஒரு வருஷமா ஒவ்வொரு வார்த்தையா பொறுக்கி எடுத்தோம்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். மீதியை நான் நறுக்கினேன்.

ஏப்ரல் 5

பயிற்சி அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். முகம் மாறிவிட்டது.

"அவர் என்னிக்காவது தன் பேச்சைத் தானே கேட்டாகணும். நாங்களே பதிவு பண்ணிக் காட்டுவோம், அவர்கிட்ட கேட்டுட்டு, பக்கத்துல உட்கார்ந்து. இத்தனை பேர் சிரிப்போட சேர்த்து இல்ல."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அவர் உங்க முன்னாடி வாய் திறக்கணும்னு எதிர்பார்க்காம இருங்க. அது போதும் இப்போதைக்கு."

ஏப்ரல் 9

கடைசியாக ஒரு நேரலை. விளையாட்டு இல்லை, என் முகம் மட்டும். அவர் யார், என்ன வேலை பார்த்தார், அவருக்கு என்ன ஆனது, கேட்காமல் காட்டியது நான் — எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். துண்டுகளை எடுத்துவிடச் சொன்னேன். சிலர் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண், தன் அப்பாவும் இப்படித்தான் என்று எழுதினார். சிலர் கடைசிவரை 'கதவு கதவு' என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதத்தான் வேண்டும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோதே என் கண் திரையின் மூலைக்குப் போனது, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று. நிறையப் பேர். ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

அணைத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கினேன். டேப்போடு சுவரின் பெயிண்டும் உரிந்து வந்தது.

ஏப்ரல் 14

மாலை நடைக்கு அவரோடு போகிறேன். பக்கத்தில் இல்லை, நாலடி பின்னால். அப்படித்தான் அவர் விடுகிறார்.

டயர் கடை வாசலில் ஒருவர் கையைத் தட்டி, "ஏய், கதவு அண்ணன்!" என்றார். கேலியாகக்கூட இல்லை, பிரியமாகத்தான். அண்ணன் நின்றுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். ராஜா மாதிரி பஸ்ஸை வளைத்துத் திருப்பியவர், நடுத்தெருவில் தலை குனிந்து நிற்கிறார்.

நான் கடைக்காரரிடம் போனேன். "அவர் பேர் அது இல்லைங்க. அவருக்கு உடம்பு முடியாம போனதால வார்த்தை மாறி வருது. அவருக்குத் தெரியாம படம் எடுத்துப் போட்டது நான்தான். அவர் தம்பி."

கடைக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூடப் பொறந்தவனா நீ?" என்றார். அவ்வளவுதான்.

அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும்.

ஏப்ரல் 20

சமையலறையில் அண்ணன் குரல்! அண்ணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், தட்டுத் தடுமாறி. ஆசையாக உள்ளே போனேன். நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 23

இப்போதெல்லாம் வீட்டுக்குள் வரும்போது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருகிறேன். நான் வருவது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பாதிச் சொல்லில் மாட்டிக்கொள்ளாமல் அவரே முடித்துக்கொள்வார். என் வீட்டில் நான் திருடனுக்கு நேர் எதிராக நடக்கிறேன்.

மே 3

காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் செருப்பைத் தேய்த்தேன். பேச்சு நின்றது. பையைச் சமையலறை வாசலருகே வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"டேய்."

நின்றேன்.

பையை இழுத்து இடது கையை உள்ளே விட்டு ஒரு தக்காளியை எடுத்தார். நசுங்கியிருந்தது. "சட்டை... சட்டை எல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். சொல் தவறு என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினார். கண்ணை மூடித் தேடினார். கிடைக்கவில்லை. அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே நின்றார், திரும்பவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

போகவில்லை. அந்தத் தக்காளியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது! இது! கண்ணு இல்ல உனக்கு? பாத்து... பாத்து ஓட்ட மாட்ட?" என்று பிடித்தார் ஒரு பிடி. சொற்கள் இடறின, மாறின, சில எங்கேயோ போயின. அவர் எதற்கும் நிறுத்தவில்லை. திட்டு மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டேன்.

பையை என் கையில் திணித்துத் தெருவைக் காட்டினார். தக்காளியை மாற்றிக்கொண்டு வரப் போனேன்.