டீச்சரம்மாவின் தோல்முட்டை

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் கோழிகளும் சுகம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இப்போது எழுதப்போகிற அத்தனையும் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னவன். எப்போ சொன்னீங்க என்கிறாள் சித்தி. மனதுக்குள் சொன்னதற்குச் சாட்சிக்கு எங்கே போவது?

நீ செருப்புப் பெட்டியில் வைத்து வளர்த்து, ஊருக்குப் போகும்போது என் கையில் ஒப்படைத்த டீச்சரம்மா இருக்கிறதே, மற்ற கோழிகளை அதட்டிக்கொண்டே நடக்குமே, பழுப்பு நிறத்தில் மணிமணியாக முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி, திடீரென்று ஓடே இல்லாமல் முட்டை போட்டுவிட்டது. மெல்லிய ஓடு என்று நினைக்காதே, வெறும் தோல், தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. கையில் எடுத்தேன், நழுவி விழுந்தது, விழுந்த வேகத்தில் துள்ளிக் கூண்டுக் கூரையைத் தொட்டுவிட்டு மறுபடி என் உள்ளங்கைக்கே வந்தது. பார்க்க வந்த கூட்டம் தெருமுனை வரை நின்றது. எதிர்வீட்டுத் தையல்காரர், அவர்தான் அந்தக் கூட்டம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, என்னய்யா உன் கோழி அவசரத்துல சட்டை போடாமலே அனுப்பிடுச்சு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சித்திக்கு வரவில்லை. மறுநாளும் அதே கதை, அப்புறம் மற்ற கோழிகளும் டீச்சரம்மாவிடம் பாடம் படித்துவிட்டன. இதுதான் எல்லாத்தையும் கெடுக்குது, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட்டோட ஒரு முட்டை வரலைன்னா இது சட்டிக்குத்தான் என்றாள் சித்தி. அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியாததா? உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சும்மா இருப்பேனா? மாட்டு டாக்டரிடம் போனேன், ஆலோசனை கேட்க இல்லை, சொல்ல. சின்னப் பெண்தான். தீனி என்ன போடுறீங்க என்று கேட்டாள். நான் பேக்கரி வேன் ஓட்டுகிறவன், மிஞ்சின பன்னெல்லாம் என் கோழிகளுக்குத்தான், ராஜ விருந்து என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பன்னைத் தின்னா ஓடு எங்கிருந்து வரும் பெரியவரே, சுண்ணாம்புச் சத்து வேணும் என்றாள். அதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள். பெரியவரே என்றதுதான் மனதுக்கு ஆகவில்லை. அன்றோடு பன்னை நிறுத்தி நல்ல தீனி வாங்கினேன். பேக்கரியில் வாளி வாளியாய்க் கொட்டுகிற முட்டை ஓட்டை அள்ளி வந்து, கழுவி, காயவைத்து, வறுத்து, இடித்துத் தீனியில் கலந்தேன். சனிக்கிழமையும் தோல்தான். ஞாயிறு காலை சித்தி கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், நான் கூண்டுக்குள் கைவிட்டேன், இருந்தது! கல் மாதிரி முட்டை, தட்டினால் டங் என்றது. சித்தி முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். உன் டீச்சரம்மா பிழைத்தது.

நீயும் அங்கே வேலை அவசரம் என்று பன்னைக் கடித்துக்கொண்டு ஓடாதே, எலும்புக்கு ஆகாது, பால் குடி. சித்திக்குப் போன் போட மறக்காதே, வரலை என்றால் என்னைத்தான் முறைக்கிறாள். ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழவேண்டும் நீ.

இப்படிக்கு,
எல்லாம் முன்கூட்டியே அறிந்த
உன் சித்தப்பா

கடைசியாக ஒன்று. மருந்து பொய்யில்லை, அடுத்து வந்த புதன்கிழமை டீச்சரம்மா ஓட்டோடு ஒன்று போட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டை அது போட்டதில்லை. பேக்கரியிலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்து நான் வைத்தது. அது வெள்ளை முட்டை என்பதே, சித்தி அதை அவித்து உரிக்காமல் என் தட்டில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீங்க போட்ட முட்டை, நீங்களே தின்னுங்க என்றாள்.