ஏழாவது கூடாரத்துக்குத் தண்ணீர் போய்விட்டது

என் செல்லத் தம்பி குமரா,

பதினோரு மாதமாக உன்னோடு பேசவில்லை. கோபம்தான். நாற்பது வயதில் அக்காவை முந்திக்கொண்டு போகிறவனிடம் என்ன பேசுவது? இன்று பேசியே ஆக வேண்டியிருக்கிறது. உன் விளையாட்டில் ஒரு தப்பு நடந்திருக்கிறது, அதில் எனக்கும் பங்குண்டு.

உன் அத்தான் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த அந்தக் கையடக்க கேம் பெட்டி என் பீரோவில்தான் இருந்தது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவேன், திறந்து பார்க்கமாட்டேன். கூடவே உன் நோட்டு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம் ஆடிவிட்டு, உன் வலைப்பக்கத்தில் போடுவதற்காக நிறை, குறை என்று எழுதிவைத்தாயே, அதுதான்.

நிறைகளை மனசார எழுதியிருந்தாய். இரண்டு சூரியன் காயும் கோளில் விண்கலம் உடைந்து மாட்டிக்கொண்ட பெண் இன்ஜினீயர், அங்கே ஏழு கூடாரங்களில் இருக்கும் சனங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அவசரப்படுத்தாத கதை. நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தால் நிறுத்தலாம், விட்ட இடத்திலேயே நிற்கும். இடது கையில் ஊசி குத்தி அசையாமல் வைத்திருப்பவனும் வலது கை ஒன்றாலேயே ஆடிவிடலாம். ‘என்னை மாதிரி ஆளுக்குன்னே பண்ணது’ என்று அடிக்கோடு வேறு.

குறைகளும் உண்டு. பொடிப்பொடி எழுத்து. சொன்னதையே சொல்லும் ரோபோ, நம் பெரியப்பா தேவலை. விட்ட இடத்தைப் பதிந்துவைக்க ஒரே ஒரு சேவ்தான், அடுத்தவர் ஆடினால் நம்முடையது அழிந்துபோகும். கடைசியில் கொட்டை எழுத்தில், ‘இதைப் பண்ணவனுக்குக் கடைமடைன்னா என்னன்னே தெரியாது.’

எல்லாம் அந்த மதகுக் கட்டத்தால் வந்தது. தலைமதகை முதலில் திறந்தால் ஆறு கூடாரம் பிழைக்கும், ஏழாவது காய்ந்து சாகும், கதை மேலே நகரும். கடைசி மதகை முதலில் திறந்தால் குழாய் வெடித்து, ஆட்டம் பழைய இடத்துக்கே வரும். நீயோ மாதக்கணக்கில் கடைசி மதகையே திறந்துகொண்டிருந்தாய்.

“மேல உள்ள ஷட்டரத் திறந்துட்டுப் போயேண்டா,” என்றேன் ஒரு சனிக்கிழமை.

“போக்கா. முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில பொறந்துட்டு, தண்ணி வரதுக்குள்ள நம்ம பயிரு கருகுனத வருஷா வருஷம் பாத்துட்டு, நானே கடைசி ஊரக் காய விடுவேனா?”

சிரித்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்தேன். செவ்வாயும் வியாழனும் உன் மனைவி செல்வி உன்னோடு வருவாள். சனிக்கிழமை இந்த வாத்தியாரம்மாவின் முறை. வீட்டுக்கு வந்தால் நீ அந்தப் பெட்டியைத் தொடமாட்டாய். வீட்டு நேரமெல்லாம் உன் மகள் யாழினிக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவிலிருந்து அதை எடுத்துவிட்டாள். பிடுங்கினேன்.

“அதுல உங்கப்பா விட்ட இடம் இருக்குடி. நீ ஆடுனா அழிஞ்சிரும்.”

“அப்பா முடிக்கணும்னுதானே ஆடுனாரு? பூட்டி வச்சா எப்படித்தே முடியும்?”

பத்து வயசுக்காரிக்கு வாய் அப்படியே உன் வாய். கொடுத்துவிட்டேன்.

அவளும் எடுத்த எடுப்பில் கடைசி மதகைத்தான் திறந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ரத்தம். வெடித்தது. அடுத்த தடவை இடது கட்டைவிரலால் தலைமதகு, வலது கட்டைவிரலால் கடைசி மதகு, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். அவ்வளவுதான். ஏழு கூடாரத்துக்கும் தண்ணீர் போய்விட்டது.

நமக்கு ஏன் தோன்றவில்லை? மேலே நாலு நாள், கீழே நாலு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியே வளர்ந்தவர்கள். யாருக்கு முதலில் என்றுதான் யோசித்தோம், சேர்த்துத் திறக்கலாம் என்பது புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் உன்னிடம் இருந்தது ஒரு கை. இதுவரை வந்ததில் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு கை வேண்டும். செய்தவனுக்குக் கடைமடை தெரிந்திருக்கிறது குமரா, ஊசி குத்தின கையைத்தான் தெரியவில்லை.

அவனைச் சொல்வானேன்? நான் பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன்? தாளை மூடிவிட்டு ஒரு விரல் கொடுத்திருந்தால் போதாதா? நீ ஏன் கேட்கவில்லை? நான் ஏன் ஒரு நாளும் அந்தத் திரையை எட்டிப் பார்க்கவில்லை?

“சேவ் பண்ணவா அத்தே? அப்பாவோடது போயிரும்,” என்று யாழினி விரலைத் தூக்கியபடியே கேட்டாள்.

“இரு, நானும் கை வைக்கிறேன்,” என்று அவள் விரல்மேல் என் விரலை வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். நீ நின்ற இடம் போய்விட்டது.

உன் நோட்டில் அந்தக் கடைசிக் குறையை அடிக்கவில்லை. அதன் கீழே, நடந்ததை எழுதி, உன் பெயரிலேயே வலைப்பக்கத்தில் போடுகிறேன். கதை இன்னும் பாதி இருக்கிறதாம். சனிக்கிழமைதோறும் யாழினி பக்கத்தில் உட்காருவேன், கையில் தாள் இல்லாமல்.

பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத
உன் அக்கா