கார்னீலியா மறுபடி எரிகிறாள்

பர்மிங்ஹாம், அலபாமா
மார்ச் 1923, ஞாயிற்றுக்கிழமை

என் ஐசமுக்கு,

உங்கள் லூவேனியா எழுதுவது. கர்த்தர் தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வடக்கே கேரி ஊரில் குளிர் குறைந்து, உங்கள் இருமலும் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிக் கையுறை வந்து சேர்ந்தது. இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு? இருந்தாலும் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு பெர்டி பார்த்துவிட்டு, "ஏண்டி, பனியையும் பொட்டலம் கட்டி அனுப்பிச்சிருக்காரா உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டாள். பாதிரியார் பிரசங்கம் பண்ணும்போதுகூட அவள் சிரிப்பை அடக்கவில்லை.

இனி பெரிய செய்தி. உங்கள் மூத்தாளை மறுபடி மூட்டிவிட்டார்கள். கார்னீலியாவைத்தான் சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வாய்த்த ஒரே சக்களத்தி அந்த இரும்பு உலைதானே. "இன்னிக்கு அவ கோவமா இருக்கா", "இன்னிக்கு அவளுக்கு மூச்சு சரியில்ல" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் பேச்சையே பேசுவீர்கள். அவள் அணைந்து போனதும்தான் வேலையில்லாமல் நீங்கள் கேரியின் எஃகு ஆலையைத் தேடி வடக்கே ரயிலேறினீர்கள். "கார்னீலியா எரியட்டும், அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன்" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள். அதை நம்பித்தான் இரண்டு குளிர்காலம் அவளுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தேன். சக்களத்திக்காக ஜெபித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

மூட்டுகிற அன்று குடியிருப்பே ரயில் பாதைமேல் ஏறி நின்றது. வழக்கம்போல முதலாளி குடும்பத்துப் பெண் குழந்தைதான் தீ வைத்தது. கார்னீலியா என்று யார் பெயரை உலைக்கு வைத்தார்களோ, அந்த அம்மாளின் பேத்தியாம். வெள்ளைக் கையுறை போட்டு, தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு பந்தத்தை நீட்டியது. பேண்டு வாத்தியம் வாசித்தார்கள். நம் கறுப்பு ஆட்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

சிவப்பு மலையிலிருந்து இரும்புக் கல் வண்டிகள் பழையபடி இறங்குகின்றன. சுண்ணாம்புக் கல்லும் வருகிறது. கரியும் வருகிறது, காலில் சங்கிலி மாட்டிய கைதிகள் வெட்டுகிற அதே கரி. நான் வெளுத்துக் காயப்போடுகிற துணியெல்லாம் சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது. துணிக்காரிகள் எல்லோரும் திட்டுகிறோம். திட்டிக்கொண்டே சந்தோஷப்படுகிறோம்.

முதல் தடவை உலையிலிருந்து உருகின இரும்பைத் திறந்துவிட்ட சாயங்காலம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அடுப்படியில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வானம் சிவந்தது. உடனே கை தானாக இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டது. சோள மாவைக் கரைத்து, இரண்டு பேருக்கு ரொட்டி ஊற்றி, உங்கள் கால் கழுவ வெந்நீரும் கொண்டுபோய்ப் பின்படியில் வைத்துவிட்டேன். வானம் சிவந்தால் ரொட்டி ஏறும், ரொட்டி சிவந்தால் நீங்கள் வருவீர்கள், நம் வீட்டுக் கணக்கு அப்படித்தானே. ரொட்டி சிவந்தது. கதவைப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. பெர்டி எட்டிப்பார்த்து, "வெந்நீர் யாருக்குடி?" என்றாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தட்டோடு ரொட்டியை அவள் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நீங்கள் இல்லாமல் என்னால் முடியவில்லை, ஐசம். இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மறுநாள் ஃபோர்மன் கிரிம்ஸ்லி வீட்டு வாசலுக்கே வந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை. "மிஸ் கார்னீலியா எரிய ஆரம்பிச்சாச்சு, இரும்பு ஓடி உறைய மணல் பாத்தி போட நல்ல கை இல்ல. உங்க ஐசம் பயல வரச் சொல்லு. மாசக் கடைசிக்குள்ள வந்தா வேலையும் அவனுக்கு, இந்தக் கம்பெனி வீடும் உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளுக்கு விட்டுருவோம்" என்றார்.

நான் இரண்டு வருஷமாகக் காத்திருந்த பேச்சு அது. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. செங்கல்லும் இரும்பும் சேர்ந்த அந்தக் குவியல் மிஸ் கார்னீலியா. அதன் வாயில் இருபது வருஷம் வெந்த நீங்கள், நாற்பத்திரண்டு வயது மனுஷர், பயல்.

போன கடிதத்தில், கேரியில் வெள்ளைக்காரத் தபால்காரர் "மிஸ்டர் டாலிவர், உங்களுக்குத் தபால் இருக்கு" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே. அடியில் கோடுகூடப் போட்டிருந்தீர்கள். அந்த வரியைப் பெர்டிக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மூன்றாவது தரம் படிக்கப் போனபோது, "போதும்டி, எம் புருசன் காதுல விழுந்தா அவரும் கெளம்பிருவாரு" என்றாள்.

கிரிம்ஸ்லியிடம், "அவர் வரமாட்டார் சார்" என்று சொல்லிவிட்டேன். என் வாயா சொன்னது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் முறைத்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு, மனசு மாறிவிடுமோ என்று பயந்து இன்னொரு வேலையும் செய்தேன். கதவுக்குப் பின்னால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேனே, சூட்டு மணலில் நடக்கிற உங்கள் மரக்கட்டைச் செருப்பு, அதைப் பெர்டி வீட்டுக்காரர் கிளெமுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் காலுக்குச் சரியாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்து போகிற சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து நிற்கிறேன். இனி நீங்கள் வந்தாலும் காலுக்குப் போட ஒன்றுமில்லை. வராதீர்கள்.

ஆனால் என்னைக் கூப்பிடுங்கள். ஒரே அறையில் ஆறு ஆண்கள், பெண்பிள்ளை தங்க இடமில்லை என்று எழுதுகிறீர்கள். ஒரு மூலையும் அதை மறைக்க ஒரு துணியும் போதும். துணி என்னிடம் இருக்கிறது. வெளுக்கவும் தெரியும். அங்கேயும் ஜனங்கள் அழுக்குப்படாமலா இருக்கிறார்கள்? மாசக் கடைசி வரை இந்த வீட்டில் இருப்பேன், அப்புறம் பெர்டி வீட்டில். நான் ஒன்றும் கொண்டுவர மாட்டேன், அந்த ரொட்டிச் சட்டி தவிர. அது கார்னீலியாவின் இரும்பில் வார்த்தது என்று நீங்கள்தான் பெருமையாக வாங்கி வந்தீர்கள். மூத்தாளிடமிருந்து அது மட்டும் எனக்குப் போதும்.

உங்களைக் கர்த்தர் காப்பாராக. "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அங்கே சாயங்காலம் வானம் சிவக்குமா? எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள், ரொட்டியை எப்போது ஏற்றுவது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள்
லூவேனியா டாலிவர்