படகின் முன் இருக்கை

ஏப்ரல் 28, ஞாயிறு

என் கொழுந்தன் டாயில், கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரிக்க ஆறேழு வாரம் ஆகுமாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சனிக்கிழமை தவறாமல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள். இனி என் கணவன் ராய்ஸ் யாரோடு போவான்? சாப்பாட்டு மேசையில் சாவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நான் வரட்டுமா?" என்றேன்.

"நீயா?"

அவ்வளவுதான். மகள் கேண்ட்ரா டல்சா நகரத்துக்குக் குடிபோன பிறகு நாங்கள் பேசுவதே இந்த அளவுதான். உப்பு, கரண்டு பில், நாய்க்கு ஊசி.

மே 4

ஏரிக்குப் போனேன்! காற்றில் தொப்பி பறந்துவிட்டது.

"இங்க இருக்கறது கலப்பு பாஸ் மீன், வெல்டா. சாதுவான மீன் இல்ல. அப்பன் ஒரு இனம், ஆத்தா ஒரு இனம். ரெண்டு பேரோட திமிரும் அதுக்கு இருக்கும்" என்றான் ராய்ஸ்.

திடீரென்று கடற்காக்கைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தன. கீழே தண்ணீர் உலை மாதிரி கொதித்தது. பொடிமீன்கள் உயிருக்குப் பயந்து மேலே துள்ள, அடியிலிருந்து இந்த பாஸ் மீன்கள் பாய்ந்தன. தூண்டிலை வீசினேன். யாரோ தோளைப் பிடித்து இழுத்தது போல ஓர் இழுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது, நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

"மீனை விட்டுட்டு இப்படிச் சிரிக்கிற ஆள நான் பாத்ததில்ல" என்றான்.

மே 5

கை தூக்க முடியவில்லை. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் நழுவி முன்வரிசைப் பெண்மணியின் தலையில் விழுந்தது. மறுபடியும் சிரிப்பு. ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து?

மே 9

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு ஒருவர் போன் செய்து ஈறு வீக்கம் என்றார். நான் ஜன்னல் வழியே கம்பத்தில் கொடி பறப்பதைப் பார்த்துக்கொண்டே, "தெக்கத்திக் காத்து சனிக்கிழமை வரைக்கும் அடிக்கும்" என்றேன்.

மே 18

எழுதாமல் தூக்கம் வராது.

ராய்ஸ் காற்றில்லாத வளைவுக்குப் படகைத் திருப்பினான். நான் பாறை முனைக்குப் போகலாம் என்றேன். அலை அங்கேதான் அடிக்கிறது, பொடிமீன் அங்கேதான் ஒதுங்கும்.

"டாயில் எப்பவும் வளைவுலதான் போடுவான்."

"டாயில் இங்க இல்ல, ராய்ஸ்."

முணுமுணுத்தான். ஆனால் திருப்பினான். நாலாவது வீச்சில் ஒரு மீன் மாட்டியது. படகை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் புகுந்து, தூண்டில் கழியைத் தண்ணீர்வரை வளைத்துவிட்டது. நான் விழுந்துவிடாமல் ராய்ஸ் என் மிதவைச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். "இழுக்காத, ஓடட்டும்... இப்ப சுத்து... ஐயோ, மெதுவா." என்று கத்திக்கொண்டே இருந்தான். வலைக்குள் வந்ததும் பார்த்தேன். வெள்ளி உடம்பு, மை தீர்ந்த பேனாவால் போட்டது போல விட்டுவிட்டு ஓடும் கறுப்புக் கோடுகள். பதினோரு பவுண்டு!

படகின் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

"இத்தனை வருஷம் ஏன் என்னைக் கூப்பிடல?"

மீன் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டே, "கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு..." என்றான்.

நானோ, நான் வருவது இவனுக்குப் பிடிக்காது என்றே இருந்துவிட்டேன். முட்டாள்கள். இரண்டு பேரும்தான்.

மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தேன். பாத்திரத்தை அவன் கழுவினான்!

ஜூன் 14

டாயிலுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நாளைக்கு வருகிறானாம். சந்தோஷம்தான். சந்தோஷம்தானே? தம்பி வந்தபின் நான் எதற்கு? ராய்ஸிடம் கேட்கவில்லை. கேட்டு, அவன் தலையைச் சொறிந்தால்?

ஜூன் 15

விடியற்காலை டாயில் வந்தான். படகுத்துறையில் பழக்கதோஷத்தில், இத்தனை வாரம் நான் உட்கார்ந்திருந்த முன் இருக்கைப் பக்கம் காலை வைத்தான். நான் கழியோடு கரையில் நின்றேன்.

"அது வெல்டா எடம்" என்றான் ராய்ஸ், மோட்டாரைப் பார்த்தபடியே.

"அப்ப நான் எங்க உக்காருறது?"

"ஐஸ் பெட்டி மேல உக்காரு. எங்க வீசணும்னு அவகிட்டக் கேட்டுக்கோ."

டாயில் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், பெட்டிமேல் உட்கார்ந்தான்.

நான் முன்னால் ஏறினேன். பாறை முனை போகும்வரை ராய்ஸ் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தான். கேண்ட்ராவைப் பார்க்க டல்சா போவது, சமையலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது, ஏதேதோ. பாதி காற்றில் போயிற்று.

"வெல்டா, கேக்குதா?"

கேட்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.