சிவப்பு பட்டன் பாடம்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கம்பெனி வேனில் நின்றபடி. தகடு அமுக்கும் மெஷினுக்குப் புதிதாக வந்த ஒப்பந்தப் பெண்களுக்குப் பயிற்சித் திட்டம் போட்டு முடித்தேன். சரியாகச் செய்தால் உடனே பாராட்டு, பெயருக்கு எதிரே நட்சத்திரம். நடத்தைக் கோட்பாடு. படித்தது வீண் போகவில்லை, சின்ன கர்வம்.

மேலாளர் தாமோதரன் சார் சிரித்தார். "ஸ்டார் குடுத்தா கத்துக்குவாங்களா? சும்மா சும்மா சிவப்பு பட்டன அமுக்கி மெஷின நிறுத்துறாங்க. நிறுத்துனா கோமாளித் தொப்பி போட்டு கேன்டீன் வாசல்ல நிக்க வை. தண்டனையும் உன் தியரிதானேம்மா?"

தியரிதான். மாற்றி எழுதினேன். மதியம் புளிசாதம்.

ஜூன் 12, வியாழன்
முதல் தொப்பி கவரைப்பேட்டை செல்விக்கு. தகடு கோணலாக விழுந்ததென்று மெஷினை நிறுத்திவிட்டாள். தகடு நேராகத்தான் இருந்தது. நாஷ்டா நேரம் முழுக்க வாசலில்.

"பயந்துக்கினுதான் நிறுத்தனேன் மேடம். எல்லாரும் பாத்துக்கினு போறாங்கோ."

"பாத்தாதான் மனசுல நிக்கும்" என்றேன்.

யாரோ ஒருத்தி: "இன்னாடி, கல்யாணப் பொண்ணு மாறி நிக்கிற!" செல்வியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி
இந்த வாரம் ஒருவரும் மெஷினை நிறுத்தவில்லை. சார் மைசூர்பாக் வாங்கி வந்தார். "பாத்தியா?" அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். நல்ல தூக்கம்.

ஜூன் 24, செவ்வாய்
தூறல். செல்வியின் வலது கை, மூன்று விரல்.

தகடு சிக்கியிருக்கிறது. ஓடும் மெஷினில் கையை விட்டு எடுக்கப் போயிருக்கிறாள். பக்கத்து மெஷின் பெண் அழுதபடி சொன்னது: "பட்டன அமுக்குடின்னு கத்தனேன் மேடம். கைய அதுகிட்ட கொண்டுபோனா. சார் நிக்கிறத பாத்துட்டு இஸ்துக்கினா."

சார் என்னிடம்: "டிரெயினிங் குடுத்தோம்ல?"

"குடுத்தோம் சார்."

ராத்திரி சோறு இறங்கவில்லை. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்
செல்வி திரும்பி வந்தாள். மெஷினில் இனி வேலை இல்லை. சம்பளம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புது பேட்ச் முன்னாலும் கையைக் காட்டிப் பேச வேண்டும், சார் யோசனை. "அனுபவம் மூலமா கத்துக்கறதுன்னு சொல்லுவியே, அதான்." வசனம் என்னுடையது. செல்வி எழுத்துக்கூட்டிப் படித்து ஒரு இடத்தில் நின்றாள்.

"என் கவனக்குறைவாலன்னு போட்டுக்கீதே மேடம்?"

"அப்படித்தான் சொல்லணும்."

"ஊட்ல ரெண்டு பசங்கோ" என்றாள், கேட்காமலே. பிறகு தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்
புழுக்கம். ஃபேன் ஓடவில்லை. புதுப் பெண்கள், முன் வரிசையில் எல்லாம் சின்ன வயசு. செல்வி கையைத் தூக்கிக் காட்டினாள். அறையில் சத்தமே இல்லை. நல்ல கவனம். வசனம் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

ஒரு பெண் எழுந்தாள். "பட்டன் பக்கத்துலதானே இருந்துச்சி, ஏங்கா அமுக்கல?"

அதற்கு நான் பதில் எழுதிக் கொடுக்கவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஸ்லைடு போட்டேன்.