ஊதாவாகாத குழாய்

சென்டாய்,
11 மே 1986

அன்புள்ள தெட்சுரோவுக்கு,

மற்றதெல்லாம் பிறகு. நம் மினோரி பிழைத்துவிட்டாள்!

அவளுக்கு வலிப்பு வருகிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நடுக்கடலில் எப்படி மீன் பிடித்தீர்களோ! எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்கவில்லை. பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பு மறுபடி பயன்படுத்த உதவும் நொதி இவளுக்கு இல்லையோ என்று மருத்துவர் இஷிதோ சந்தேகப்பட்டார். அதைச் சோதிக்கும் வேதிப்பொருள் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் நுமாதாதான் பல்கலைக்கழகத்துக்கு ஓடி, கெஞ்சிக் கூத்தாடி ஒரு சிட்டிகை வாங்கி வந்தாள்.

நான் கையுறையை மாட்டினேன். "ஏய், தள்ளி நில்லுடி. இது உன் பிள்ளையோட ரத்தம். உன் கையில நான் குழாயைக் குடுக்க மாட்டேன்" என்று நுமாதா விரட்டிவிட்டாள்.

ரத்தத்தில் நொதி இருந்தால் அந்த வேதிப்பொருளை வெட்டும். வெட்டினால், கடைசியாகச் சாயம் சேர்க்கும்போது குழாய் ஊதாவாகும். நுமாதாவின் ரத்தம் கத்தரிப்பூ நிறமானது. என்னுடையது வெளிறிய ஊதா. மினோரியின் குழாய் மாறவே இல்லை. மறுபடியும் செய்தாள். அப்போதும் மாறவில்லை.

பிள்ளைக்குக் குறை என்று தெரிந்து யாராவது குதிப்பார்களா? நாங்கள் கட்டிக்கொண்டு குதித்தோம். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டதே! மருந்தும் வெறும் வைட்டமின்தான். இந்தக் குறை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாக வந்தால்தான் பிள்ளைக்கு நோயாகுமாம். "உன் வீட்டுக்காரர் வரட்டும். அவர் ரத்தமும் உன்னை மாதிரியே வெளுத்துத்தான் இருக்கும். என்ன ஜோடிப் பொருத்தம்டி!" என்று நுமாதா கேலி செய்தாள்.

அன்றே பாலில் கரைத்துக் கொடுத்தோம். மறுநாள் வலிப்பு குறைந்தது. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. இப்போது பால் புட்டியை என் கையிலிருந்து பிடுங்குகிறாள். தலையில் பூனைமுடி முளைத்திருக்கிறது. ஆயுசு முழுக்க மருந்து தர வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்த நோய் காதையும் தொட்டிருக்கலாமாம். அடுத்த வாரம் பரிசோதனை. கை தட்டினால் சில சமயம் திரும்புகிறாள், சில சமயம் இல்லை.

லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இறங்கியதும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். என்னோடு பேச வேண்டாம். ரிசீவரை அவள் காதில் வைக்கிறேன். அப்பாவின் குரலை அவள் இன்னும் கேட்டதில்லை. அவள் பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
கயோ