கழுத்துக்கு வந்த வாள்

12-5-1985, ஞாயிறு. பாகூர்.

பாரிஸிலிருந்து லீவில் வந்திருக்கும் மாமா பையன் ழான், பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். அதில் கதையை நடத்துவது அவன்; நான் ரசவாதி. இரும்பைத் தொட்டால் தங்கமாகும்.

"தங்கத்த வெச்சிக்கினு சண்டையில இன்னாடா பண்ணுவ?" என்று ஜவுளிக்கடை பஷீர் மூன்று வாரமாகக் கேலி செய்தான். அவன் போர்வீரன்.

இன்று ஆட்டத்தில் ஒரு குகையில் மாட்டிக்கொண்டோம்.

"கொள்ளைக்காரன் உன் கழுத்துல வாள வெச்சிட்டான்" என்றான் ழான்.

"அந்த வாளத் தொடறேன். சொக்கத் தங்கம்பா இப்ப. வெட்டச் சொல்லு, வளைஞ்சிடும்" என்றேன்.

கெட்டிப்படத் தங்கத்தில் தினமும் செம்பு சேர்க்கிற நகைப்பட்டறைக்காரன் எனக்கு இது தெரியாதா?

ழான் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டுச் சிரித்தான். ஜெயித்தோம்.

அடுத்த ஞாயிறு பஷீரும் ரசவாதியாக வருகிறானாம். அப்புறம் வாளை யார் பிடிப்பது?